கலங்கிய காலமும் கலங்காத சித்தமும்

உலகில் கலக்கமே இல்லாத காலமொன்று இருந்ததென்று எந்தச் சரித்திரமும் கூறவில்லை. யுத்தம், பஞ்சம், கொள்ளைநோய், பெருவெள்ளம், உட்பகை என்னும் இவை வேறு வேறு உருவங்களோடு வேறு வேறு தேசங்களில் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. ஒரு தலைமுறை இவற்றுள் ஒன்றற்குத் தப்பினால், அடுத்த தலைமுறை மற்றொன்றற்கு முகங்கொடுக்கின்றது. ஆதலின், கலக்கம் ஏன் வந்தது என்னும் வினாவினும், வந்தவிடத்து நாம் எவ்வாறு நிற்பது என்னும் வினாவே மாணாக்கராகிய நமக்கு அணுக்கமானது. கிறிஸ்தவ மாணாக்கர் இவ்வினாவை இரண்டாகப் பிரித்துக் கேட்டல் வழக்கம். விசுவாசத்தை எவ்வாறு காத்துக்கொள்வது என்பது ஒன்று. படிப்பிலும் கடமையிலும் மனத்தை எவ்வாறு நிலைநிறுத்துவது என்பது மற்றொன்று. முன்னதற்கு ஆலயத்திலும் பின்னதற்கு வகுப்பறையிலும் விடை கிடைக்குமென்று கருதுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. இவையிரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பதும், ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைக் காத்தல் இயலாது என்பதும் நமது துணிபு. அதனை ஈண்டுச் சில சான்றுகளால் விளக்கப் புகுந்தோம்.

கலக்கம் என்னும் தமிழ்ச் சொல்லே இதற்கு நல்லதோர் உரையாக அமைந்திருக்கின்றது. நீரும் கலங்கும், மனமும் கலங்கும், இரண்டற்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்தனர். கலங்கிய நீரில் அடி தெரியாது, முகமும் தெரியாது. கலங்கிய மனத்திலும் அவ்வாறே தன் நிலை இதுவென்றும், தான் செய்யக் கடவது இதுவென்றும் தோன்றுவதில்லை. திருவள்ளுவர் இடுக்கண் அழியாமை என்பதற்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அறுபத்துமூன்றாவதாக வைத்தார். அவ்வதிகாரம் அரசியலைச் சார்ந்து நிற்பது கருதத்தக்கது. பலருடைய வாழ்வுக்குப் பொறுப்பாளியானவன் துன்பத்தில் மனம் உடைந்தால், அவனைச் சார்ந்தோர் அனைவரும் உடைவர் என்னும் எண்ணம் அவ்வைப்பு முறையில் அடங்கியிருக்கின்றது எனலாம்.

எமது ஊராகிய மகாராஜபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் வத்திராயிருப்பை அடுத்து, மேற்குமலைத் தொடரின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர். சதுரகிரிக்கு ஏறுவோர் தாணிப்பாறையை நாடி அமாவாசைதோறும் பௌர்ணமிதோறும் எமது பக்கத்துக்கு வருவர். எம் பக்கத்து உழவர் யாம் மேலே கூறியதனை நூல் கல்லாமலே அறிவர். மழை மிகுந்த காலத்தில் அவர்கள் அஞ்சுவது கண்மாயின் கரை உடைந்துவிடுமோ என்றுதான். கரை நின்றால், எத்துணை நீர் வரினும் மிஞ்சியது கலுங்கு வழியே கழிந்துவிடும்; வேண்டியது மடை வழியே வயலுக்குப் பாயும். கரை உடைந்தாலோ, அந்நீரே பயிரை அழித்துவிட்டுக் கண்மாயையும் வெறுமையாக்கிவிடும். மனத்துக்குக் கரையாக நிற்பது விசுவாசம். மடையாக அமைவது அன்றாடக் கடமை. கரையில்லாதபோது மடையால் பயனில்லை. மடையில்லாதபோது கரைக்குள் நிற்கும் நீர் பாசி பிடிக்கும்.

இக்கருத்தை நம் தலைமுறையினர் சோதித்தறியும் காலமொன்று நம் இளமையிலேயே வந்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் முதல் தேசமெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன, கோயில், பள்ளிவாசல், ஆலயம் யாவும் அடைக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்பிரல் 10-ஆம் நாள் பெரிய வெள்ளியும், 12-ஆம் நாள் உயிர்த்தெழுந்த திருநாளும் சபை கூடாமலே கழிந்தன. தமிழ்நாட்டில் அவ்வாண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் கைவிடப்பட்டது. ஆலய மணியும் பள்ளி மணியும் ஒருங்கே அடங்கிய காலம் அது. அதுகாறும் நமது பக்தியைத் தாங்கியது எது, நமது படிப்பைத் தாங்கியது எது என்பது அப்போது வெளிப்பட்டது. மணியோசையின் பலத்தால் மட்டும் ஜெபித்து வந்தவர் மணி நின்றபின் ஜெபத்தை விட்டனர். தேர்வின் அச்சத்தால் மட்டும் படித்து வந்தவர் தேர்வு நீங்கியபின் புத்தகத்தை விட்டனர். இவ்விரு கூட்டத்தாரும் பெரும்பாலும் ஒருவரேயாக இருந்தனர் என்பது நாம் கண்டறிந்தது. குறித்த வேளையில் வேதத்தைத் திறந்த மாணவனே குறித்த வேளையில் பாடத்தையும் திறந்தான்.

கலங்கிய காலத்தில் மாணாக்கரை மயக்கும் தவறுகள் இரண்டு. முதலாவது, செய்தியையே உணவாகக் கொள்ளுதல். முன்னாளில் பத்திரிகை நாளுக்கொருமுறை வந்தது. அதைப் படித்து முடித்தால் மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். இந்நாளில் கைப்பேசி நிமிஷத்துக்கொரு செய்தியைக் கொணர்கின்றது. அவற்றுள் மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு, மெய்யும் பொய்யுமாகக் கலந்ததே பெரிது. அதை இடைவிடாது நோக்கியிருப்பவர், உலகத்தின் பாரத்தைத் தாம் சுமப்பதாக எண்ணிக்கொள்கின்றனர். ஆனால் அடுத்த வீட்டில் காய்ச்சலாய்க் கிடக்கும் பாட்டிக்கு ஒரு குடம் நீர் கொண்டுபோய்க் கொடுக்கவும் அவர்களுக்கு நேரமில்லை. அறிதல் வேறு; கவலையைப் பெருக்குதல் வேறு என்பதனை இவர்கள் மறந்தனர்.

இரண்டாவது தவறு பக்தியின் வேஷத்தோடு வருவது. காலம் பொல்லாதது, இனிப் படித்து என்ன பயன்? ஜெபம் ஒன்றே போதும் என்று கூறிப் புத்தகத்தை மூடிவிடுவோர் நம்மில் உளர். இது விசுவாசம்போலத் தோன்றும். உற்று நோக்கின், நாளைய தினம் கர்த்தருடைய கையில் இல்லையென்று கூறுவதற்கே இது ஒப்பாகும். நாளை உண்டென்று நம்புபவனே இன்று விதைப்பான். 1939-ஆம் ஆண்டு இரண்டாம் உலக யுத்தம் மூண்ட சில வாரங்களில், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை மாணாக்கருக்குச் சி. எஸ். லூயிஸ் என்னும் ஆசிரியர், யுத்தகாலத்தில் கல்வி கற்பது தகுமா என்பதனைப் பொருளாகக் கொண்டு ஒரு பிரசங்கம் செய்தார். மனித வாழ்வு என்றும் ஆபத்தின் விளிம்பிலேதான் இருந்து வந்திருக்கின்றது. யுத்தம் அதை நமக்குக் காட்டிற்றேயன்றிப் புதிதாக உண்டாக்கவில்லை என்பது அவர் எடுத்துரைத்த கருத்துக்களுள் ஒன்று. அமைதிக்காலம் வரட்டும், பிறகு கற்போம் என்று காத்திருந்தால், மனிதர் எக்காலத்தும் ஒன்றையும் கற்றிருக்கமாட்டார்.

இவ்வுண்மைக்குச் சான்று தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரும் சிவகாசியும் இராஜபாளையமும் 1910-ஆம் ஆண்டு இராமநாதபுரம் ஜில்லா அமைக்கப்படும்வரை திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்தன. 1985-ஆம் ஆண்டிலேதான் இப்போதைய விருதுநகர் மாவட்டம் தனியே பிரிந்தது. அப்பழைய திருநெல்வேலியின் வடபகுதியில், 1854-ஆம் ஆண்டு, தாமஸ் ராக்லண்டு என்பவர் டேவிட் ஃபென், மெடோஸ் என்னும் இரு தோழரோடு ஊர் ஊராகச் சென்று ஊழியஞ் செய்யத் தொடங்கினார். ராக்லண்டு கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்து விளங்கி, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் அங்கத்தினராக இருந்தவர். பின்னர்ச் சென்னையில் சர்ச் மிஷன் சங்கத்தின் காரியதரிசியாக இருந்தவர். அக்காரியதரிசிப் பதவியை விட்டுக் கூடாரத்தில் குடியிருக்க வந்தார். தென் திருநெல்வேலிச் சபையார் தம்முடைய உபதேசியாரை மாதம் மாறி மாறி, தம் செலவிலேயே, அவர்களுக்குத் துணையாக அனுப்பினர். வெளிநாட்டாரின் வரலாற்றில் மறைந்து கிடக்கும் இத்தமிழ் ஊழியரின் உழைப்பை நாம் மறத்தலாகாது.

அவர்களது உழைப்புக்குக் கண்காணக் கிடைத்த பலன் மிகக் குறைவு. 1857-ஆம் ஆண்டில் வடநாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்து, தேசமெங்கும் அச்சமும் வதந்தியும் உலவிய காலமும் அந்நாட்களுள் அடங்கியதே. ராக்லண்டுக்கோ நுரையீரல் நோய் முன்னரே இருந்தது. ஆயினும் கூடாரம் ஓரூரிலிருந்து பெயர்த்து மற்றோரூரில் அடிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 1858-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், நாற்பத்துமூன்றாம் வயதில், சிவகாசியில் அவர் உயிர்நீத்தார். அக்கால ஆட்சியைப்பற்றி நாம் இந்நாளில் வேறு கருத்துக்கொள்வது இயல்பு. ஆனால், பலன் காணாத நாலாண்டுகளும் இன்று போகவேண்டிய ஊருக்கு இன்று போனார் என்னும் ஒரு செய்தி, எக்கருத்துடையாரும் மதிக்கத்தக்கது. நிலத்தில் விழுந்து மறைந்துபோகும் கோதுமை மணியைப்பற்றி ஆண்டவர் அருளிய உவமை அவரது வாழ்வுக்கு உரையாக நிற்கின்றது.

தமிழ் கற்கும் நாம் இனி நமக்கு மிக அணுக்கமான ஒருவரைக் காண்போம். அவர் கிறிஸ்தவக் கம்பர் என்று போற்றப்படும் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. பாளையங்கோட்டையை அடுத்த கரையிருப்பு என்னும் ஊரில் 1827-ஆம் ஆண்டு வைணவக் குடும்பத்தில் பிறந்து, தமிழ் இலக்கியங்களை முறையாகக் கற்று, 1853-ஆம் ஆண்டு சாயர்புரத்தில் தமிழாசிரியரானார். 1858-ஆம் ஆண்டு சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ராக்லண்டு சிவகாசியில் மறைந்த அதே ஆண்டு அது. அந்நாளில் இத்தகைய மாற்றம் ஒருவனை எத்துணைத் தனிமைக்கு உள்ளாக்கும் என்பதனை நாம் எண்ணிப் பார்க்கலாம். பழைய உறவோடு பிணைப்புத் தளரும். புதிய உறவோ இன்னும் வேர்கொள்ளாது. வேதக்கருத்துக்களைச் செந்தமிழ்க் காவியமாகப் பாட வேண்டுமென்னும் ஆசை இருந்தாலும், அதற்கு முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கவை அவர் கையில் மிகச் சிலவே. அவருடைய வாழ்நாளிலேயே தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது.

இவற்றினிடையே அவர் இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். அது ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் 1678-ஆம் ஆண்டு வெளியிட்ட மோட்சப் பிரயாண நூலைத் தழுவியது. பனியன், ஆட்சியாரின் தடையை மீறிப் பிரசங்கித்தமைக்காகப் பன்னீராண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர் என்பது யாவரும் அறிந்தது. ஆங்கில வசனத்தைக் கிருஷ்ண பிள்ளை அவ்வாறே மொழிபெயர்த்தாரல்லர். நாடும் நகரமும் மலையும் ஆறும் தமிழ்க் காவிய மரபுப்படி அமைய, 3,700-க்கு மேற்பட்ட விருத்தங்களாக அதைப் புதிதாகச் சமைத்தார். நற்போதகம் என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் அது தொடர்ந்து வெளிவந்தது. 1894-ஆம் ஆண்டு நூலாயிற்று. அதன்பின் ஆறாண்டுகளில், 1900-ஆம் ஆண்டு, ஆசிரியர் மறைந்தார்.

பதின்மூன்று ஆண்டுகள் என்பதை நாம் விரைவாகப் படித்துப் போய்விடுகின்றோம். சற்று நின்று எண்ணுவோம். செய்யுள் செய்து பழகிய மாணாக்கருக்கு ஒரு விருத்தத்தின் அருமை தெரியும். நான்கடியும் சந்தம் வழுவாது நிற்கவேண்டும், எதுகை அமையவேண்டும், மோனை இசையவேண்டும், பொருளோ வேதத்துக்கும் விலகாமல் தமிழுக்கும் விலகாமல் ஓடவேண்டும். சிதறிய மனத்துக்கு ஒரு விருத்தமும் வசப்படாது. மாதந்தோறும் இதழ் வெளிவரும். அதற்கு உரிய பாடல்கள் ஆயத்தமாகவேண்டும். நோயுற்ற மாதமும் உண்டு, மனஞ்சோர்ந்த மாதமும் உண்டு என்பது மனித வாழ்வை அறிந்தவர்க்கு விளங்கும். விசுவாசம் முதலில் தெளிவாகி, பிறகு பாட்டு வந்தது என்று கூறிவிட முடியாது. ஒவ்வொரு விருத்தத்தையும் உண்மையோடு இயற்ற உட்கார்ந்ததே அவருடைய விசுவாசத்தை மாதந்தோறும் புதுப்பித்தது என்பது நமது கருத்து. பனியனின் கதையில், சந்தேகக் கோட்டையில் அடைபட்ட யாத்திரிகன், பல நாள் வருந்தியபின், வாக்குத்தத்தம் என்னும் சாவி தன் மடியிலேயே இருத்தலை உணர்ந்து பூட்டைத் திறக்கின்றான். அச்சாவி அவனிடத்தில் முன்னரே இருந்தது. அதை நினைத்துக் கையிலெடுப்பதுதான் தாமதமாயிற்று. நமக்கும் அச்சாவி பெரும்பாலும் நமது அன்றாட வேலைக்குள்ளே கிடக்கின்றது.

வேலை செய்ய உடல் இடங்கொடாதபோது என் செய்வது என்று சிலர் கேட்கலாம். அதற்கும் நமது நாட்டிலேயே விடை உண்டு. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-ஆம் ஆண்டு, மேற்குமலை அடிவாரத்துத் திருநெல்வேலிச் சிற்றூராகிய டோனாவூரில் தங்கி, ஆதரவற்ற குழந்தைகளை வளர்க்கும் பணியை மேற்கொண்டார். முப்பதாண்டு ஓய்வின்றி நடந்த கால்கள், 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் நேர்ந்த ஒரு வீழ்ச்சியால் முடங்கின. அன்று தொடங்கி 1951-ஆம் ஆண்டு ஜனவரியில் மறையுமட்டும், ஏறக்குறைய இருபதாண்டுகள், அவர் பெரும்பாலும் ஓர் அறையிலேயே இருந்தார். அக்காலத்திலேதான் பத்துக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். முன்னரே அவர் எழுதிய நூல்களுள் ஒன்று ராக்லண்டின் வாழ்க்கையைப் பற்றியது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. சிவகாசியில் விழுந்த மணி டோனாவூரில் முளைத்தமை இதனால் விளங்கும். அவரது கல்லறையின்மேல் நினைவுக்கல்லில்லை. பறவைகள் நீருண்ணும் தொட்டியொன்றே வைக்கப்பட்டிருக்கின்றது. நடமாட இயலாத நாளில் எழுத இயலும். எழுத இயலாத நாளில் பிறர்க்காக ஜெபிக்க இயலும். இன்று நமக்கு இயல்வது எதுவோ அதுவே இன்றைக்குரிய கடமை.

இனி, நமது கருத்துக்கு எதிராக எழக்கூடிய வலிய தடையொன்றை எடுத்துக்கொள்வோம். ஊர் துன்புறும்போது ஒருவன் தன் மனத்தை ஒருமுகப்படுத்திக்கொண்டு தன் நூலைப் படித்தல் சுயநலமன்றோ? பக்கத்துத் தெருவில் வெள்ளம் புகுந்திருக்க, இலக்கணச் சூத்திரம் உருப்போடுதல் கல்நெஞ்சமன்றோ? இவ்வினா நியாயமானது. படிப்பைச் சாக்கிட்டு உதவியினின்று விலகும் மாணாக்கர் இருக்கின்றனர் என்பதனையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும், ஒருமுகப்பட்ட மனம் கல்லாய் இறுகிப்போன மனமன்று. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் வாழ்வு இதற்குச் சான்று. அவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்; ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புக்களைத் தமிழில் தொகுத்தவர்; தமிழின் முதல் நாவலென்று கூறப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-ஆம் ஆண்டு வெளியிட்டவர். அந்நூல் வெளிவருவதற்கு முன்னிருந்த ஆண்டுகளே தாது வருஷப் பஞ்சத்தின் ஆண்டுகள். அப்பஞ்சத்தில் அவர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். சைவ பக்தராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரது கொடையை வியந்து கீர்த்தனை பாடினார். எழுதுகோலைப் பிடித்த கையே அகப்பையையும் பிடித்தது. எழுதும் வேளையில் எழுத்தில் முழுமனத்தையும் வைக்கப் பழகியவர், பசித்தவன் வந்து நின்றபோது அவனிடத்திலும் முழுமனத்தையும் வைக்க வல்லவரானார். சிதறிய மனத்தையுடையவனோ இரண்டிடத்திலும் பாதியாகவே நிற்பான்.

இதனை நம் காலத்திலும் கண்டோம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பதிவாயிற்று. தாமிரவருணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, ஏறக்குறைய 800 பிரயாணிகள் வெள்ளத்தினிடையே சிக்கினர். அருகிலிருந்த சிற்றூர் மக்கள், தாமும் வெள்ளத்தால் வருந்தியிருந்தும், கோயிலில் அடுப்பு மூட்டிச் சமைத்து அவர்களுக்கு உணவளித்தனர். அடுத்த வாரமே கிறிஸ்து பிறப்பின் திருநாள் வந்தது. அத்திருநாளின் பொருளை எந்தப் பிரசங்கியாரினும் தெளிவாக அவ்வூரார் முன்னமே காட்டிவிட்டனர் என்று நாம் எண்ணினோம். அவர்கள் உலகத்து வெள்ளமனைத்தையும் எண்ணி மலைத்து நிற்கவில்லை, தம் ஊருக்கு அருகே நின்ற ஓர் இரயிலைக் கண்டனர், அரிசியை உலையிலிட்டனர்.

வேதத்தில் இக்கருத்துக்குச் சிறந்த சான்று எரேமியா தீர்க்கதரிசியின் வரலாறு. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருக்கின்றனர்; நகரம் விழப்போவது திண்ணம்; அதைத் தாமே அறிவித்தமைக்காக எரேமியா காவலில் வைக்கப்பட்டிருக்கின்றார். அவ்வேளையில் அவர் தம் சொந்த ஊராகிய ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் இட்டு வைக்கச் செய்தார். பகைவர் கைப்படப்போகும் நிலத்துக்கு இத்துணை முறையோடு கிரயப்பத்திரம் எழுதுவானேன்? நிலங்கள் மறுபடியும் விற்கவும் வாங்கவும் படும் நாள் வரும் என்று கர்த்தர் கூறியதை அவர் நம்பினார். அந்நம்பிக்கையை அவர் கண்ணீராலும் காட்டினார். வெள்ளியை நிறுத்துக்கொடுத்த கையாலும் காட்டினார். கலங்கிய காலத்தில் நாம் படிக்கும் ஒவ்வொரு பாடமும் ஆனதோத்து நிலத்துக்கு எழுதிய பத்திரம் போன்றது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். துன்பத்தில் அழுபவரையும், ஐயுற்று வினவுபவரையும் விசுவாசமற்றவரென்று இகழ்தல் நம் கருத்தன்று. தாவீது ராஜாவின் சங்கீதங்களில் முறையீடுகள் எத்தனை! யோபு தன் பிறந்த நாளையே வெறுத்துப் பேசினான். கொள்ளைநோயில் பெற்றோரை இழந்த தோழனிடம் போய், மனத்தை ஒருமுகப்படுத்திக்கொள் என்று உபதேசித்தல் கொடுமையாகும். அவனருகே மௌனமாக உட்கார்ந்திருத்தலே அப்போதைக்குரிய கடமை. யோபுவின் நண்பர் ஏழுநாள் பேசாமல் உடனிருந்த காலம் வரையிலும் நல்ல நண்பராகவே இருந்தனர். ஒழுங்கென்பது துக்கத்தை அடக்கி ஒடுக்கும் கருவியாகிவிடலாகாது. துக்கத்தின் நடுவே ஊன்றிக்கொண்டு நடப்பதற்கு ஒரு கோலாக அது இருத்தல் வேண்டும்.

ஆகவே, நம் தோழர்க்கு நாம் கூறவிரும்புவன சிலவே, அவையும் எளியன. நாளின் முதல் நாழிகையைக் கைப்பேசிக்குக் கொடாது வேதவாசிப்புக்கும் ஜெபத்துக்கும் கொடுப்போமாக. செய்தியை ஒரு நாளில் ஒருமுறையோ இருமுறையோ, நம்பத்தக்க இடத்திலிருந்து அறிந்துகொண்டு, மெய்யென்று தெளியாத ஒன்றையும் பிறர்க்கு அனுப்பாதிருப்போமாக. படிக்கும் வேளையில் ஒரு நூலையே முன்வைத்துப் படிப்போமாக. வாரத்துக்கொருமுறையேனும் நம்மினும் மிகுந்த துன்பத்திலிருப்பவர் ஒருவரை நேரிற்சென்று காண்போமாக. மகாராஜபுரம் போன்ற ஊர்களிலிருந்து வரும் மாணாக்கர்க்குப் பெரிய சபையும் பாடகர் குழுவும் அருகிலிராமற் போகலாம். இரண்டொருவர் கூடி ஜெபிக்கும் வீட்டுத்திண்ணை போதும். இரண்டு மூன்று பேர் கூடுமிடத்தில் தாம் இருப்பதாக ஆண்டவர் வாக்களித்திருக்கின்றார். அயலிலுள்ள இந்து, முஸ்லிம் தோழர்களின் துன்பத்தைத் தம் துன்பமாகக் கொள்வதும் இச்சாதனையில் அடங்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நாள்தோறும் மாலை தொடுத்து நின்ற நந்தவனத்தின் வரலாற்றை நாம் பாடமாகக் கற்கின்றோம். ஒரே தொண்டை நாள் தவறாது செய்தலின் பெருமையை எம் பக்கத்து மண் நெடுங்காலமாகவே அறியும்.

நமது கல்லூரியிலிருந்து வெளியே செல்வோர்க்கு எத்தகைய காலங்கள் காத்திருக்கின்றனவோ, ஒருவரும் அறியார். வேலையின்மையும், நோயும், சாதிப்பகையும், மதப்பகையும், இன்னும் பெயரிடப்படாத இடர்களும் வரலாம். அவற்றைத் தடுத்து நிறுத்தும் வல்லமை நமக்கில்லை. மழை எவ்வளவு பெய்யும் என்பதை உழவன் தீர்மானிப்பதில்லை. கோடையிலேயே கரையை மேடாக்கி மடையைச் செப்பனிடுதல் அவன் வேலை. கல்லூரி வாழ்வு நமக்கு வாய்த்த கோடைக்காலம். இப்போதே, இங்கேயே, நாள்தோறும் சிறிது சிறிதாக அவ்வேலையைச் செய்து வருவோமாக. நாம் அறியாத அக்காலங்களைக் கர்த்தர் அறிவார். அவர் நமக்கு அளந்து கொடுத்திருப்பது இன்றைய நாள். அதை முழுமனத்தோடு செய்து முடிக்க அவரே நமக்கு அருள்புரிவாராக.